பிஜி ஏன் வெல்கிறது? எழுவர் ரக்பியின் ஒரு பழைய கேள்வி

2016 ஆகஸ்ட் 11 அன்று, ரியோ ஒலிம்பிக்கின் ஆண்கள் எழுவர் ரக்பி இறுதிப் போட்டியில் பிஜி அணி பிரிட்டனை 43-7 என்று வென்றது. ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் பதக்கமே தங்கமாக அமைந்தது. ஐந்தாண்டு கழித்து டோக்கியோவில் நியூசிலாந்தை 27-12 என்று வென்று ஆண்கள் அந்தத் தங்கத்தைத் தக்கவைத்தார்கள். அதே வாரத்தில் பெண்கள் அணி வெண்கலம் வென்றது. 2024 பாரிஸில் ஆண்களுக்கு வெள்ளி. பிஜி இதுவரை பெற்ற நான்கு ஒலிம்பிக் பதக்கங்களும் இந்த ஓர் ஆட்டத்தில் வந்தவை. 2017 கணக்கெடுப்பின்படி அந்த நாட்டின் மக்கள்தொகை ஒன்பது லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

இவ்வளவு சிறிய தீவுக்கூட்டம் இதை எப்படிச் சாதிக்கிறது என்ற கேள்வி ரியோவுக்கு வெகுகாலம் முன்பே கேட்கப்பட்டது. ஹாங்காங் செவன்ஸ் போட்டி 1976-இல் தொடங்கியது. 1977, 1978 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கோப்பை பிஜிக்குப் போனது. அன்றுமுதல் வர்ணனையாளர்கள், பயிற்சியாளர்கள், மானிடவியலாளர்கள், பிஜி மக்கள் என்று பல தரப்பினரும் விடை சொல்லிவந்திருக்கிறார்கள். உடல்வாகு என்றார்கள் சிலர். கிராமம் என்றும் ராணுவம் என்றும் கடவுள் என்றும் வேறு சிலர். ரியோவுக்குப் பிறகு, எல்லாம் பயிற்சியாளரால் நடந்தது என்பது பரவலான விடையாயிற்று.

ஒவ்வொரு விடையிலும் ஏதோ ஓர் உண்மை இருக்கிறது. ஆனால் ஏறக்குறைய எல்லாமே ஆண்கள் அணியை மட்டும் பார்த்து உருவானவை. ‘பிஜியானா’ என்று அழைக்கப்படும் பெண்கள் அணியையும் கணக்கில் சேர்த்தால் இந்த விடைகளில் எவை நிற்கும், எவை தள்ளாடும் என்பதே இங்கே எடுத்துக்கொள்ளும் விஷயம்.

ஆட்டத்தின் அமைப்பு

எழுவர் ரக்பி 1883-இல் ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் ஊரில் பிறந்தது. தங்கள் கிளப்புக்குப் பணம் திரட்ட ஒரே நாளில் பல ஆட்டங்களை நடத்த வேண்டியிருந்தது. அதற்காக ஆள் எண்ணிக்கையைக் குறைக்கும் யோசனையைச் சொன்னவர் நெட் ஹேக் என்ற இறைச்சிக் கடைக்காரர். கபடியைப் போல ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். களம் மட்டும் பதினைந்து பேர் ஆடும் அதே முழு அளவு. பாதிக்கு ஏழு நிமிடம் என்று மொத்தம் பதினான்கு நிமிடம். ஆகவே இங்கே வெற்றிடம் அதிகம். ஓட்டமும் கைவேகமும் எடையைவிட முக்கியம்.

சிறிய நாடுகளுக்குச் சாதகமான ஆட்டம் இது என்ற விளக்கம் இந்த அமைப்பிலிருந்து வருகிறது. பதினைவர் ரக்பியின் உலகக் கோப்பைக்கு 33 வீரர்களை அழைத்துச் செல்ல வேண்டும். ஸ்க்ரம் தள்ளுவதற்கென்றே தனித் தேர்ச்சி பெற்ற பெருத்த உடல்காரர்களை ஆண்டுக்கணக்கில் வளர்க்க வேண்டும். ஒலிம்பிக் எழுவர் அணிக்குப் பன்னிரண்டு பேர் போதும். பிஜியின் பதினைவர் அணி உலகக் கோப்பையில் 1987, 2007, 2023 ஆகிய மூன்று முறை காலிறுதியை எட்டியதோடு நின்றிருப்பதும், எழுவர் அணி 1997, 2005, 2022 என மூன்று முறை உலகக் கோப்பையையே வென்றிருப்பதும் இந்த விளக்கத்துக்கு வலுச் சேர்க்கின்றன.

இந்த விளக்கத்தின் பலவீனமும் எளிதில் புலப்படும். சிறிய நாட்டால் வெல்ல முடியும் என்பதை அது காட்டுகிறது. பிஜி ஏன் வெல்கிறது என்பதைக் காட்டவில்லை. இதே கடலில், இதே ரக்பிப் பித்தோடு, இதைவிடச் சிறியதாக டோங்கா இருக்கிறது. அதற்கு இந்த வெற்றிகள் வரவில்லை.

ரத்தம் என்னும் விடை

மிகப் பழைய விடை, இன்றும் வர்ணனைப் பெட்டியிலிருந்து ஒலிக்கும் விடை, பிஜியர் ‘இயற்கையாகவே’ இப்படி ஆடுகிறவர்கள் என்பது. பெரிய கைகள், நீண்ட கால்கள், டேக்கிளில் பிடிபட்ட பின்னும் பந்தை ஒற்றைக் கையால் தோழனுக்கு அனுப்பிவிடும் ‘ஆஃப்லோட்’, திட்டங்களுக்குக் கட்டுப்படாத உல்லாசம். கேட்கப் புகழ்ச்சி போலத்தான் இருக்கும். ஆனால் உடலைப் புகழ்ந்துகொண்டே மூளையையும் உழைப்பையும் மறுக்கும் பேச்சு இது. மாவோரி விளையாட்டு வீரர்களைப் பற்றி இதே வகைப் பேச்சு எப்படிக் காலனியக் கல்வி வழியாக உருவானது என்பதை ஆய்வாளர் பிரெண்டன் ஹோகோவிட்டு விரிவாக எழுதியிருக்கிறார். அவருடைய விமர்சனம் பிஜிக்கும் பெருமளவு பொருந்தும்.

ஒரு சிக்கல் உண்டு. இந்த விடையை வெளியார் மட்டும் சொல்வதில்லை. பிஜி வீரர்களிடம் களஆய்வு செய்த மானிடவியலாளர் டேனியல் கின்னஸ், தங்கள் திறமையை இறைவன் தம் இனத்துக்கு அளித்த கொடையாகவே அவர்களில் பலர் புரிந்துகொள்வதைப் பதிவு செய்திருக்கிறார். மெதடிஸ்ட் திருச்சபை ஆழ வேரூன்றிய சமூகம் அது. ரியோவிலும் டோக்கியோவிலும் வென்ற பின் வீரர்கள் வட்டமாகக் கூடிக் கண்ணீரோடு துதிப்பாடல் பாடியதை உலகமே பார்த்தது. அந்த நம்பிக்கை அவர்களை விடியற்காலையில் எழுப்பி ஓடவைக்கிறது என்றால், அதை வெறும் மாயை என்று ஆய்வாளர் ஒதுக்கிவிட முடியாது. நம்பிக்கை ஒரு காரணமாகச் செயல்படலாம். அதனால் அதன் உள்ளடக்கம் மெய்யாகிவிடாது.

ரத்தக் கோட்பாட்டை முடிவுப் பட்டியலே மறுக்கிறது. 1999-2000 பருவத்தில் தொடங்கிய உலகத் தொடரின் முதல் ஆறு பட்டங்களையும் நியூசிலாந்து எடுத்துக்கொண்டது. 2005-06-இல் வைசாலே செரெவியின் வழிநடத்தலில் பிஜி முதன்முறையாக அதை வென்றது. அடுத்த பட்டத்துக்கு 2014-15 வரை காத்திருந்தது. இடையில் 2009-10-இல் சமோவா வென்றது. ரியோவுக்கு நான்கு மாதம் முன்பு சிங்கப்பூர் இறுதிப் போட்டியில் கென்யா பிஜியை 30-7 என்று வீழ்த்தியது. காமன்வெல்த் போட்டிகளில் பிஜி ஆண்கள் நான்கு முறை வெள்ளி வாங்கியிருக்கிறார்கள். தங்கம் ஒருமுறைகூட இல்லை. ஏறியும் இறங்கியும் செல்லும் ஒரு வரிசையை, மாறாத ரத்தத்தால் விளக்க முடியாது.

ஊர், பள்ளி, படை

வரலாற்றாசிரியர்களும் சமூகவியலாளர்களும் தரும் விடை இன்னும் செறிவானது. 1884-இல் பா என்ற இடத்தில் காவல்படையின் ஐரோப்பிய, பிஜிய வீரர்கள் ரக்பி ஆடியதாக பிஜியின் ரக்பி வரலாறு தொடங்குகிறது. ஆட்டம் படைமுகாமில் நுழைந்தது என்பது தற்செயலாகத் தெரியவில்லை. ரக்பி சங்கம் 1913-இல் அமைந்தது. 1924-இல் முதல் சர்வதேச ஆட்டம், சமோவாவின் ஆபியாவில். ஆட்டம் முடிந்து சமோவா வீரர்கள் வேலைக்குப் போக வேண்டும் என்பதால் காலை ஏழு மணிக்கே தொடங்கினார்கள். களத்தின் நடுக்கோட்டில் ஒரு மரமும் நின்றது. 1939-இல் நியூசிலாந்துக்குச் சுற்றுப்பயணம் சென்ற பிஜி அணி ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் திரும்பியது. எழுவர் ஆட்டம் புகழ்பெறுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே ரக்பி அங்கே ஊர்ப்பண்பாடாகிவிட்டது என்பது இந்தத் தரப்பின் அடிப்படை வாதம்.

ஊர் மந்தையில் பிளாஸ்டிக் பாட்டிலையோ சுருட்டிய துணியையோ பந்தாக்கி மாலைதோறும் ஆடும் சிறுவர்கள், ஊருக்கு ஊர் நடக்கும் எழுவர் போட்டிகள், நாடு முழுவதும் பேசப்படும் டீன்ஸ் கோப்பைப் பள்ளிப் போட்டிகள், பிறகு ராணுவம், காவல்துறை, சிறைத்துறை அணிகள். இந்தப் படிக்கட்டில் ஏறி வருபவன் இருபது வயதுக்குள், வேறு நாட்டில் அகாடமிகள் பணம் செலவழித்துக் கற்றுத்தர வேண்டியவற்றை விளையாட்டாகவே கற்றிருப்பான். ஆஃப்லோட் என்பது வரப்பிரசாதம் அல்ல, ஆயிரக்கணக்கான மாலைகளின் பழக்கம் என்று இத்தரப்பு சொல்லும்போது, ரத்தக் கோட்பாட்டுக்கு அது மிகத் தெளிவான மறுப்பாகிறது.

படையோடு ரக்பிக்கு இருக்கும் உறவைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 1978-இல் லெபனானுக்கும் 1982-இல் சினாய்க்கும் அமைதிகாப்புப் பணிக்காகத் தன் வீரர்களை அனுப்பத் தொடங்கிய நாடு பிஜி. போர்வீரனும் ரக்பி வீரனும் ஒரே ஆண்மை இலட்சியத்தின் இரு வடிவங்களாக எப்படி ஆனார்கள் என்பதை ஆய்வாளர் தெரேசியா தெயாய்வா ஆராய்ந்திருக்கிறார். 1987-இல் ஆட்சியைக் கவிழ்த்த சிதிவேனி ரபுகா தாமே நாட்டுக்காக ரக்பி ஆடியவர். 2006-இல் ஆட்சியைப் பிடித்த பைனிமராமா பின்னர் ரக்பி சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். அரசியலின் நெருக்கம் ஆட்டத்துக்குப் பணமும் வேலைவாய்ப்பும் கொண்டுவந்தது. அதற்கு விலையும் இருந்தது: காமன்வெல்த் அமைப்பிலிருந்து பிஜி இடைநீக்கம் செய்யப்பட்டிருந்ததால் 2010 டெல்லி போட்டிகளில் அதன் வீரர்கள் ஆட முடியவில்லை.

இந்த விடை எனக்கு மிகவும் நம்பத்தக்கதாகப் படுகிறது. ஆயினும் அதிலும் ஓர் ஓட்டை உண்டு. ஊர், பள்ளி, படை என்ற படிக்கட்டு 2006-க்கும் 2015-க்கும் இடையில் அப்படியேதான் இருந்தது. பட்டங்கள் மட்டும் ஏன் நின்றன?

ஆங்கிலேயப் பயிற்சியாளரின் கதை

அந்த இடைவெளியை நிரப்பத்தான் பென் ரையனின் பெயர் வருகிறது. இங்கிலாந்து எழுவர் அணியின் முன்னாள் பயிற்சியாளரான அவர் 2013-இல் பிஜிக்கு வந்தார். சங்கம் அப்போது பணமுடையில் இருந்தது. தொடக்கத்தில் சில மாதங்கள் சம்பளமே வரவில்லை என்று தம் நூலில் எழுதியிருக்கிறார். வீரர்களின் உணவில் சர்க்கரையைக் குறைத்தது, உடல்தகுதியை அளந்து பதிவு செய்தது, சிங்கடோக்கா மணல்மேடுகளில் ஏறியிறங்கி ஓடவைத்தது, கட்டுப்பாட்டை முதல் நிபந்தனையாக்கியது ஆகியவை அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. அடுத்தடுத்து இரண்டு உலகத் தொடர் பட்டங்கள் வந்தன, பிறகு ரியோ. நாடு அவருக்கு நிலமும் உள்ளூர்ப் பட்டப்பெயரும் தந்து கொண்டாடியது. அணியின் நினைவாக ஏழு டாலர் நோட்டு ஒன்றும் அச்சிட்டது.

இந்த விடையின் கவர்ச்சி அது ஒரு நல்ல கதை என்பதில் இருக்கிறது. அதன் ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. கட்டற்ற திறமை ஒரு பக்கம், அதற்கு ஒழுங்கு தந்த ஐரோப்பிய அறிவு மறுபக்கம் என்று பிரித்துவிட்டால், பழைய ரத்தக் கோட்பாடே வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வருகிறது. 1997, 2005 உலகக் கோப்பைகளில் அணியின் ஆட்டத்தை வடிவமைத்த செரெவி ஓர் உள்ளூர்க்காரர். எந்தத் தடுப்பில் எங்கே இடைவெளி விழும் என்பதை அவரைப்போல் படித்தவர்கள் இந்த ஆட்டத்தில் மிகக் குறைவு. அவரது அறிவை ‘மாயாஜாலம்’ என்றும் ரையனுடையதை ‘அறிவியல்’ என்றும் அழைப்பது பாரபட்சம் என்றே நினைக்கிறேன்.

ரையனுக்குப் பின் வேல்ஸைச் சேர்ந்த கரெத் பேபர் டோக்கியோ தங்கத்துக்கு வழிநடத்தினார். அந்த அணி நாட்டில் கொரோனா பரவியதால் பல மாதம் வீடு திரும்பாமல் முகாமிலேயே கழித்து, உறைய வைத்த மீன் ஏற்றிய சரக்கு விமானத்தில் ஜப்பான் போய்ச் சேர்ந்த அணி. 2022 கேப்டவுன் உலகக் கோப்பையை வென்றபோது பயிற்சியாளராக இருந்த பென் கோலிங்ஸ், 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சில மாதங்களே இருக்கையில் விலக்கப்பட்டார். ரியோ அணித்தலைவர் ஓசேயா கொலினிசாவ் பொறுப்பேற்று, அந்தக் குறுகிய காலத்தில் அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுசென்றார். ஒருவர் மாறினால் எல்லாம் மாறிவிடும் என்ற கோட்பாட்டுக்கு இந்தத் தொடர்ச்சி அவ்வளவாக இடம் தரவில்லை. பயிற்சியாளர் முக்கியம், ஆனால் அடியில் இருப்பது வேறு.

போட்டியாளர்கள் விழித்த பிறகு

மேற்சொன்ன விடைகள் எல்லாம் பிஜியை மட்டுமே பார்ப்பவை. எதிரே ஆடியவர்கள் மாறியதையும் பார்க்க வேண்டும். 2009 அக்டோபரில் கோபன்ஹேகனில் ஒலிம்பிக் குழு எழுவர் ரக்பியைச் சேர்க்க முடிவெடுத்ததும், வசதியான நாடுகளின் விளையாட்டு அமைச்சகங்கள் இந்த ஆட்டத்தில் பணம் போடத் தொடங்கின. அதுவரை பதினைவர் ஆட்டத்தின் ஓய்வுநேரத் துணையாக மட்டும் கருதப்பட்டது, பல நாடுகளில் முழுநேரத் தொழிலாயிற்று. ஒலிம்பிக் களத்தில் பதினேழு ஆட்டங்களாகத் தோல்வியே காணாதிருந்த பிஜி ஆண்களை பாரிஸ் இறுதியில் பிரான்ஸ் 28-7 என்று வென்றது. அந்த அணியில் உலகின் மிகச்சிறந்த பதினைவர் வீரர்களில் ஒருவரான அந்துவான் துபோன், ஒலிம்பிக்குக்காகவே எழுவர் ஆட்டத்துக்கு மாறி வந்து ஆடினார்.

இதோடு இணைந்தது வீரர் வெளியேற்றம். மானிடவியலாளர்கள் நிக்கோ பெஸ்னியர், கின்னஸ் ஆகியோரின் ஆய்வுகள் பிஜி ரக்பியை உலகத் தொழிலாளர் சந்தையின் ஒரு மூலையாகப் பார்க்கின்றன. கிளெர்மோன் என்ற பிரெஞ்சு கிளப் நந்ரோங்கா மாகாணத்தில் அகாடமி நடத்தியது. அங்கிருந்து சென்ற நோவா நகாய்தாதி, அலிவெரெதி ராகா இருவரும் பிரான்ஸ் தேசிய அணிக்காகவே ஆடினார்கள். ரியோ தங்கம் வென்றவர்களில் பலர் விரைவில் ஐரோப்பியக் கிளப்புகளில் இருந்தார்கள். குடும்பத்துக்கும் கிராமத் திருச்சபைக்கும் அவர்கள் அனுப்பும் பணம் எத்தனையோ வீடுகளைத் தாங்குகிறது என்பதால், இதை வெறும் இழப்பு என்று எழுதுவது அந்த மக்களுக்கு நியாயம் செய்யாது. எழுவர் அணி அடிக்கடி புதிய முகங்களால் கட்டப்படுகிறது என்பதும் உண்மை. சுவாவை ஒட்டிய நியூடவுன் குடியிருப்பிலிருந்து வந்த ஜெர்ரி துவாய் ரியோ, டோக்கியோ இரண்டிலும் ஆடி இரு தங்கம் பெற்ற ஒரே பிஜியர் என்ற ஒரு செய்தியே, ஐந்தாண்டில் அணி எவ்வளவு மாறியது என்பதைச் சொல்லிவிடும்.

பெண்கள் அணி சொல்லும் சாட்சி

இங்கேதான் மேற்சொன்ன விடைகள் எல்லாம் உரசிப் பார்க்கப்பட வேண்டும். ஒரே ஊர், ஒரே குடும்பங்கள், ஒரே திருச்சபை, ஒரே சங்கம். ஆண்களின் வெற்றியை எது விளக்குகிறதோ அது பெண்களைப் பற்றியும் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

பிஜியில் பெண்களுக்குரிய ஆட்டம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது நெட்பால். ரக்பி ஆடத் துணிந்த பெண்கள் வீட்டிலும் ஊரிலும் எதிர்கொண்ட ஏளனத்தையும் விலக்கலையும் யோகோ கனெமாசு, ஜியோசோ மோல்னார் ஆகிய சமூகவியலாளர்கள் அப்பெண்களின் சொற்களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். நல்ல காலணி இல்லை, ஆடச் சரியான களம் இல்லை, பல நேரம் குடும்பத்தின் ஒப்புதலும் இல்லை. ஆனாலும் ஆடினார்கள். அந்த ஆய்வுகளைப் படிக்கும்போது முதலில் மனத்தில் நிற்பது அவர்களுடைய பிடிவாதம்தான்.

ஒலிம்பிக் முடிவு இந்த நிலையை அசைத்தது. ஆண்களோடு பெண்களுக்கும் பதக்கம் உண்டு என்றானதும் சங்கங்கள் பெண்கள் அணியைப் பொருட்படுத்த வேண்டியதாயிற்று. 2012-13-இல் பெண்களுக்கான உலகத் தொடர் பிறந்தது. ரியோ காலிறுதியில் பிஜியானா பிரிட்டனிடம் 26-7 என்று தோற்றது. டோக்கியோவில் சையாசி ஃபூலியின் பயிற்சியில், ருசிலா நகசாவ் தலைமையில் ஆடிய அணி, நடப்புச் சாம்பியனான ஆஸ்திரேலியாவைக் காலிறுதியில் 14-12 என்று வெளியேற்றியது. அரையிறுதியில் நியூசிலாந்தோடு கூடுதல் நேரம்வரை போராடி 22-17 என்று தோற்றது. பிறகு பிரிட்டனை 21-12 என்று வென்று வெண்கலம் பெற்றது. பிஜியின் ஒரு பெண்கள் அணி ஒலிம்பிக் மேடையில் ஏறியது அதுவே முதல்முறை. 2022 பர்மிங்காம் காமன்வெல்த்தில் வெள்ளி. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் சூப்பர் டபிள்யூ பதினைவர் போட்டியில் முதன்முறை நுழைந்த பிஜியப் பெண்கள் அணி பட்டத்தையே எடுத்துக்கொண்டு, 2023-இல் மீண்டும் வென்றது.

பாரிஸில் பிஜியானா ஆடிய ஐந்து ஆட்டங்களிலும் தோற்று, பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாம் இடத்தில் முடித்தது.

மூன்றே ஆண்டுகளில் நிகழ்ந்த இந்த ஏற்றஇறக்கம் நம் விடைகளுக்கு என்ன செய்கிறது? ரத்தக் கோட்பாட்டுக்கு இதில் இடமே இல்லை. ஊர்மந்தைக் கோட்பாடும் சங்கடப்படுகிறது: அந்த மாலைநேர மந்தையில் பெரும்பாலும் சிறுவர்கள்தான் ஆடினார்கள். குழந்தைப் பருவத்தின் ஆயிரம் மாலைகள் கட்டாயம் என்றால், பெரும்பாலும் நெட்பாலிலிருந்தும் தடகளத்திலிருந்தும் வந்த பெண்கள் ஆஸ்திரேலியாவை வென்றிருக்கக் கூடாது. நெட்பாலின் கைப்பழக்கமே வேறு வழியில் அந்த வேலையைச் செய்திருக்கலாம் என்று ஒருவர் வாதிடலாம். நியூசிலாந்தும் 2012-இல் திறமை தேடும் திட்டம் ஒன்றை நடத்தி நெட்பால் போன்ற ஆட்டங்களிலிருந்து பெண்களை எடுத்தது. ஆஸ்திரேலியாவின் ரியோ தங்க அணியில் டச் ஃபுட்பாலிலிருந்து வந்தவர்கள் பலர். ஆகவே அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அப்போது அது பிஜிக்கே உரிய விளக்கமாக இராது.

ஆட்டத்தின் வயது என்ற கோணம் இன்னும் பயனுள்ளது. பெண்கள் எழுவர் ரக்பி இளம் ஆட்டம். முன்னே இருப்பவர்களைச் சில ஆண்டு ஒழுங்கான முகாமும் உணவும் சம்பளமும் கொண்டு எட்டிவிட முடிந்தது. டோக்கியோவுக்கு முன் மாதக்கணக்கில் ஒன்றாகவே இருக்க நேர்ந்த முகாம் பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம் உதவியிருக்கக்கூடும், ஏனெனில் அத்தகைய தொடர் பயிற்சி அவர்களுக்கு முன்பு கிடைத்ததில்லை. அதே தர்க்கப்படி, மற்றவர்களும் விரைவாக எட்டிப்பிடிக்கலாம். பாரிஸில் சீனப் பெண்கள் ஆறாம் இடம் பெற்றதை இதற்குச் சான்றாகக் காட்டலாம். பதினைவர் அணியும் எழுவர் அணியும் ஒரே சிறிய குழுவிலிருந்து ஆட்களை எடுப்பதும் கவனிக்கத்தக்கது. ஒன்றின் வளர்ச்சி மற்றொன்றை மெலியச் செய்ததா என்பது நேர்மையாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பதினான்கு நிமிட ஆட்டத்தில் தற்செயலுக்குப் பெரும் பங்கு உண்டு. டோக்கியோ காலிறுதியில் ஆஸ்திரேலியாவின் கன்வர்ஷன் உதை ஒன்று கூடுதலாகக் கம்பங்களுக்கிடையில் போயிருந்தால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றிருக்கும். பதக்கமே இல்லாமல் போயிருக்கலாம். பிஜியானாவின் எழுச்சி என்று எழுதப்பட்ட கட்டுரைகள் எழுதப்படாமலே போயிருக்கும். பாரிஸின் கடைசி இடத்தையும் அதே நிதானத்தோடு படிக்க வேண்டும். இவ்வளவு கவனத்தை ஆண்கள் அணியின் முடிவுகளுக்கும் காட்டியவர்கள் குறைவு.

நாட்டை ஒன்றாக்கும் அணியா?

வெற்றிக்குக் காரணம் தேடும் எழுத்துகளில் பெரும்பாலும் துணைவாதமாக வருவது, ரக்பி பிளவுபட்ட நாட்டை ஒன்றாக்குகிறது, அந்த ஒற்றுமை அணிக்கு வலுவூட்டுகிறது என்பது. தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு நேரடிச் சம்பந்தம் உண்டு. 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. பாரதி பாடிய பிஜி அது. அவர்களும் அவர்கள் வழிவந்தோரும் 1926-இல் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தை அமைத்துப் பள்ளிகளும் கோயில்களும் கட்டினார்கள். விளையாட்டில் அவர்களுடைய ஈடுபாடு பெரிதும் கால்பந்தில். 1938-இல் உருவான பிஜி கால்பந்துச் சங்கம் இந்திய வம்சாவளியினரால் வளர்க்கப்பட்டது. ரக்பி பூர்வகுடிகளான இதௌகேய் மக்களின் ஆட்டமாகவே இருந்தது.

ரியோ வெற்றியின்போது இந்த எல்லை கரைந்ததென்னவோ உண்மை. வீதிகளில் எல்லோரும் சேர்ந்தே கொண்டாடினார்கள். ஆனால் கொண்டாட்டத்தில் பங்கு என்பதும் அணியில் இடம் என்பதும் ஒன்றல்ல. ரக்பி, ராணுவம், திருச்சபை மூன்றும் பின்னிய ஒரு தேசியப் படிமத்தில் கரும்பு வயலின் சந்ததியினர் எங்கே நிற்கிறார்கள் என்ற கேள்விக்கு எந்தத் தங்கமும் விடையளிக்கவில்லை. நாட்டு ஒற்றுமையை வெற்றிக்குக் காரணமாகச் சொல்வதைவிட, வெற்றி தந்த சில நாள் விளைவாகச் சொல்வதே பொருத்தம்.

இன்னும் முடிவாகாதவை

இப்போதைய நிலையில் இவ்வளவு சொல்லலாம். ரத்த விளக்கம் சான்றுகளின் முன் நிற்கவில்லை. ஊர்-பள்ளி-படை விளக்கம், ஆண்கள் அணிக்கு ஆழமான ஆள்வளம் எங்கிருந்து வருகிறது என்பதை நன்றாக விளக்குகிறது. பட்டங்கள் எப்போது வரும் என்பதை விளக்கவில்லை. அதற்குப் பயிற்சி, நிதி, நிர்வாகம், எதிரணிகளின் முதலீடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெண்கள் அணியின் வரலாறு குறுகியதாக இருந்தும், நிறுவன ஆதரவின் எடையை ஆண்கள் அணியைவிடத் தெளிவாகக் காட்டுகிறது. ஆள்வளம் மெலிதாக இருக்கும் இடத்தில் ஆதரவு கூடுவதும் குறைவதும் உடனே முடிவுகளில் தெரிகிறது போலும்; ஆள்வளம் தடிமனாக இருந்தால், ஆண்கள் அணிக்கு நேர்ந்ததுபோல, நிர்வாகக் குழப்பங்களுக்கு நடுவிலும் வெள்ளி வரை போக முடிகிறது. இது ஓர் ஊகமே. மூன்று ஒலிம்பிக்குகளின் அடிப்படையில் இதற்குமேல் உறுதியாகப் பேச முடியாது.

வீரர் வெளியேற்றம் எழுவர் அணியை உண்மையில் பலவீனப்படுத்துகிறதா, அல்லது இடம் காலியாகிக்கொண்டே இருப்பதால்தான் இளைஞர்கள் ஓடிவருகிறார்களா என்பதும் தீர்க்கப்படவில்லை. இரண்டுக்கும் ஆதாரம் காட்டலாம். 2022 முதல் பிஜி ட்ரூவா அணி சூப்பர் ரக்பியில் ஆடுவதால், தொழில்முறை வாழ்க்கைக்கு வீட்டருகே ஒரு வழி திறந்திருக்கிறது. அது எழுவர் அணிக்கு ஆள் தருமா, ஆளை எடுத்துக்கொள்ளுமா என்பதைச் சில பருவங்கள் பார்த்த பிறகே சொல்ல முடியும்.

இன்னொரு சோதனை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. சிறுவர்களுக்கு டீன்ஸ் கோப்பை இருப்பதுபோல, மாணவியருக்கு ‘ரலுவே’ என்ற பள்ளி ரக்பிப் போட்டி இப்போது நடக்கிறது. நெட்பால் வழியாக அன்றி, பள்ளிக் களத்திலேயே ரக்பி கற்ற பெண்கள் பிஜியானா அணிக்குள் வரத் தொடங்கும் காலம் இது. 2028 லாஸ் ஏஞ்சலஸிலும் அதற்குப் பின்னும் அவர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்பதைக் கொண்டுதான், சிறுவயதுப் பழக்கத்துக்கு நாம் கொடுத்துவந்த மதிப்பு எவ்வளவு சரி என்பதை முதன்முறையாகக் கணிக்க முடியும். அதற்கு ஆண்கள் அணிக்குச் செய்வதைப் போலவே பெண்கள் அணியின் ஆட்டங்களையும், ஒலிம்பிக் வாரத்தில் மட்டும் அல்லாமல், பருவம் பருவமாகப் பதிவு செய்துவர வேண்டும்.